எல்லைக்கல்லில் நின்ற மழை

நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். நீங்களும் அப்படியே கழித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை, மிச்சப் பாதிக்கே உங்களுக்கு முதுகு சில்லிடும்.

செம்பொட்டலில் அப்போது மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதியோர் பென்ஷனிலிருந்து மாடு தொலைந்தது வரைக்கும் எல்லா மனுவும் என் கையெழுத்தில்தான் தாலுகா ஆபீசுக்குப் போகும், புளுகுப் பெரியப்பா எழுதினால் கல்லும் மூக்கைச் சிந்தும் என்று ஊரில் பேச்சு, அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பேனாவைத் திறந்தாலே கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிடும். முந்தின வருஷம் ஓடைக்குத் தெற்கே உள்ள பக்கத்து ஊரில் நிஜமாகவே மழை பொய்த்து, அரசாங்கம் ஏக்கருக்கு இவ்வளவு என்று வறட்சி நிவாரணத்தை ஆளாளுக்கு பேங்கில் போட்டுவிட்டது. எங்கள் ஊரில் எண்பது ஏக்கர் வைத்திருந்த உடையப்பனுக்கு அந்த ஊரில் ஒரு சம்பந்தி, அவர் அந்தப் பணத்தில் புது மோட்டார் சைக்கிள் வாங்கி, அதில் ஏறி எங்கள் ஊர் வழியாகவே, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளுக்கு இரண்டு தடவை போனார்.

உடையப்பனால் தாங்க முடியவில்லை. ஐப்பசி முதல் வாரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஏண்ணே, அவுகளுக்கு வந்த வறட்சி நமக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

"கண்மாய் பாதி கெடக்கு, பயிர் முழங்காலுக்கு நிக்குது. வறட்சி எப்படிடா வரும்?"

"நீ எழுதுனா வராதா?"

இப்படி ஒருவன் கேட்டால் என்னைப் போன்றவன் என்ன செய்வான், சொல்லுங்கள். வி.ஏ.ஓ.வும், ஊரே சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கணக்கில் கருகிப்போனதாகப் போட்டுவிடுகிறேன், மேலே இருந்து யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். நான் பச்சைப் பயிரின் வரப்பில் உட்கார்ந்து, அதன் நிழல் தாளில் ஆட ஆட எழுதினேன். எங்கள் கிராம எல்லைக்குள் ஒரு சொட்டு மழை இல்லை, கண்மாயில் நீர் இல்லை, வயலில் பயிர் இல்லை, கன்றுக்குப் பால் இல்லை, இனி மழை வரும் என்ற நம்பிக்கையும் இல்லை என்று மொத்தம் நாற்பத்தோரு இல்லை. தலை கூடினால் மனு கனக்கும் என்று யோசனை சொன்னவனும் நான்தான். பட்டாதாரர்கள் மட்டுமல்ல, அவர்கள் பெண்டாட்டிகள், பிள்ளைகள், படுக்கையில் கிடந்தவர்கள், தொட்டிலில் தூங்கிய குழந்தைகளின் கால் பெருவிரல்வரைக்கும் மையில் தொட்டு அந்தத் தாளில் ஒற்றினோம்.

ஒற்றாதவள் சோணையம்மா ஒருத்திதான். புருஷன் செத்துப் பத்து வருஷமாக அறுபத்திரண்டு சென்ட் நிலத்தைத் தனியாளாக உழுது பிழைத்தவள்.

"எங்க வீட்டுல அரிசி தீந்துபோனாக்கூட நெறஞ்சிருக்குன்னுதான் பெரியப்பா சொல்லுவோம், இந்த ஊர்ப் பொம்பளைக பூராவும் அப்படித்தான் சொல்லுவோம். இல்லைங்கிற சொல்லை அடுப்படிக்குள்ள விட்டா லேசுல போகாது. நீங்க பயிருக்கு முன்னால நின்னுக்கிட்டு நாப்பது தடவை இல்லைங்குறீங்க. அதுக்குக் காது கேக்கும்."

"பயிருக்குக் காதாம்ல!" என்றான் உடையப்பன். "தோடு வாங்கிப் போடு, ஆத்தா."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள், தருமன் டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் செல்போனும் ஒரே நேரத்தில் கிணுங்கியது. பணம் வந்துவிட்டது. முப்பது சென்ட் நிலத்துக்குச் சொந்தக்காரனான தருமன்கூட அன்றைக்கு எல்லாருக்கும் ஓசி டீ போட்டான். கிளாஸைக் கீழே வைக்கும் முன்னே கிழக்கே இடி இடித்தது. இந்த வருஷம் நமக்கு ரெண்டு பக்கமும் லாபம் என்று உடையப்பன் தொடையைத் தட்டினான்.

மழை கிழக்கேயிருந்து வயல் வயலாக வந்தது, புளியந்தோப்பைத் தாண்டி வந்தது, எங்கள் ஊர் எல்லைக்கல் வரைக்கும் வந்தது, அங்கே நின்றது. ஓயவில்லை, நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் சடசடவென்று கொட்டிக்கொண்டே, கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு துளி சிந்தாமல், மேலேயிருந்து தொங்கவிட்ட பாய் மாதிரி நின்றது. தருமன் போய்க் கையை நீட்டிப் பார்த்தான், முழங்கை வரைக்கும் நனைந்து, முழங்கைக்கு மேலே காய்ந்திருந்தது. மாலைக்குள் தெற்கிலும் மேற்கிலும் வடக்கிலும் அதே மாதிரி வந்து அந்தந்த எல்லைக்கல்லில் நின்றது. செம்பொட்டல் நானூற்றுச் சொச்சம் ஏக்கரும் நாலு சுவருக்கு நடுவே ஈரமில்லாத ஒரு அறை மாதிரி ஆனது, அந்த அறைக்குக் கூரையாக நட்சத்திரம் தெரிந்தது.

முதல் வாரம் ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லையில் வரிசையாக நின்று குளித்தார்கள், தலையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி அலசிக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர், செம்பொட்டல் எல்லை வருது, நனைஞ்சவங்க ஜன்னலைத் திறந்து காயவைங்க என்று பழகிப்போன குரலில் கத்தினான். வடகம் போட இதைவிட நல்ல ஊர் உண்டா என்று பக்கத்து ஊர்ப் பெண்கள் கூடைகளோடு வந்து எங்கள் பாறையில் காயப்போட்டுப் போனார்கள்.

இரண்டாம் வாரம் தவளைகள் போயின. கண்மாய்க்குள்ளிருந்து ஒன்றன் பின் ஒன்றாக வரிசைகட்டி, சத்தமே போடாமல், தெருவின் நடுவே குதித்துக் குதித்து எல்லைக்கல்லைத் தாண்டி மழைக்குள் போயின. அவற்றின் பின்னால் சாரைகள் போயின. அதற்கும் பின்னால், ஒரு விடியற்காலையில், கொக்கும் நாரையும் மைனாவும் போயின. அதற்கப்புறம் எங்கள் ஊரில் சத்தம் என்றால் மனுஷர் சத்தம்தான், நாங்களும் மெல்லப் பேசத் தொடங்கினோம். கண்மாய்த் தண்ணீர் பதினோரு நாளில் இறங்கிச் சேறாகி, சேறு வெடித்து, வெடிப்புக்குள் கைவிட்டால் தோள் வரைக்கும் போனது. மனுவில் நான் எழுதிய வரிசை மாறாமல் முதலில் கண்மாய், அப்புறம் பயிர், அப்புறம் கன்றுக்குப் பால். அந்த வரிசை வேறு யாருக்கும் நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. நாற்பத்தோரு இல்லையில் இன்னும் எத்தனை பாக்கி இருக்கிறது என்று நான் வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எல்லைக்குப் போய்த் தண்ணீர் பிடிக்கலாம் என்றால், பக்கத்து ஊர்க்காரர்கள் அரிவாளோடு வந்து நின்றார்கள். உங்களுக்குத்தான் வறட்சிப் பணம் வந்துருச்சே, எங்க மழையில எதுக்குய்யா கைய வைக்கிறீங்க என்று கேட்டார்கள். உடையப்பனும் நானும் தாலுகா ஆபீசுக்குப் போய், ஐயா, நாங்கள் எழுதியது பொய், பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வறட்சியை ரத்து செய்யுங்கள் என்று கெஞ்சினோம். கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஃபைல் மேல போயிருச்சு பெரியவரே. வறட்சின்னு அறிவிச்ச ஊர்ல எப்படி மழை பெய்யும்? அது மழைக்கே தெரியும். பணத்தைத் திருப்பி வாங்க எங்ககிட்ட அச்சடிச்ச பாரமும் கிடையாது."

திரும்பி வரும்போதுதான், பஸ் ஜன்னல் வழியாக, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். காய்ந்த ஊரின் நடுவே ஒரே ஒரு இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. நீளம் அகலம் பிசகாமல், வரப்புக்கு வரப்பு அளந்து வைத்த மாதிரி, சோணையம்மாவின் அறுபத்திரண்டு சென்ட்டில் மட்டும். உள்ளே அவள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு களை பறித்துக்கொண்டிருந்தாள். பயிர் இடுப்புக்கு நின்றது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, முதல் நாளிலிருந்தேதான், நீங்கள் எல்லாரும் எல்லையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றாள்.

அன்றிலிருந்து ஊர் அவள் வரப்பில் குடியேறியது. அவள் யாரையும் தடுக்கவில்லை. குடத்தை உள்ளே நீட்டிப் பிடித்தார்கள், மாட்டைக் கொண்டுவந்து கழுத்தை மட்டும் உள்ளே விட்டார்கள், ஏழு மாதச் சூலியாக இருந்த உடையப்பனின் மகளை நாற்காலியில் தூக்கிவந்து பாதத்தை மழையில் வைத்தார்கள். ஆனால் வாங்கிக் குடித்தவர்கள் வீட்டுக்குப் போனதும் வேறு மாதிரிப் பேசினார்கள். நம்ம மழையெல்லாம் அவ வயலுக்கு இழுத்துட்டா. அவ மட்டும் ஏன் கையெழுத்துப் போடலை, முன்கூட்டியே தெரியுமோ? புருஷன் எப்படிச் செத்தான்னு யாராவது விசாரிச்சமா? நாளுக்கு நாள் குடம் நிறையும் சத்தத்தைவிட இந்தப் பேச்சு கூடியது. ஒரு நாள் சோணையம்மாவின் ஆடு வயிறு கிழிந்து கிடந்தது. மறுநாள் அவள் வீட்டுக் கூரையில் ஒரு மூலை மட்டும் கருகியிருந்தது. அவள் வயலிலேயே, மழைக்குள்ளேயே, ஒரு கட்டிலைப் போட்டு இருந்துகொண்டாள்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் உடையப்பன் முன்னே வர ஐம்பது அறுபது பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். சிலர் கையில் கடப்பாரை இருந்தது.

"மனுவோட நகலை எடு, மைப்பெட்டியை எடு. அவ விரலையும் வச்சுருவோம். ஊருக்கு ஒண்ணுன்னா எல்லாருக்கும் ஒண்ணு."

"அவ மாட்டேன்னுட்டா?"

"விரல் மட்டும் போதும்ணே," என்றான் உடையப்பன். "அது அவ கையோட இருக்கணும்னு மனுவுல எழுதியிருக்கா?"

இதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். விலை கேட்கிற குரலில் கேட்டான். நகலையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவர்கள் நடுவே நடந்தேன். வரப்பில் போய் நின்றார்கள். இரண்டு பேர் மழைக்குள் இறங்கி அவள் தோளைப் பிடித்தார்கள். உடையப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்து வரப்புக்கு இழுத்தான். அவள் கை மட்டும் மழைக்கு வெளியே வந்து, சொட்டுச் சொட்டாக ஈரம் வடிந்து, காய்ந்த மண்ணில் கிடந்தது. யாரோ ஒருவன் கடப்பாரையைத் தலைக்கு மேலே ஓங்கினான். அவள் என்னைப் பார்த்து, பெரியப்பா என்று மட்டும் சொன்னாள்.

என்னிடம் இருந்தது ஒன்றுதான், புளுகு. அதை எடுத்தேன்.

"நிறுத்துங்கடா, கூறுகெட்டவனுகளா! அவ விரல் இந்தத் தாள்ல பட்ட நிமிஷம் இந்த மழையும் போயிரும். நாளைக்கு உன் மக பிள்ளை பெத்தா எதைக் குடிப்பா? தாலுகா கிளார்க்கு என் காதுல ஒரு வழி சொல்லியிருக்காரு."

"என்ன வழி?"

"மழை ஆளைப் பாக்கலைடா, பட்டாவுல இருக்கற பேரைப் பாக்குது. மனுவுக்கு ஒப்பாதவ பேருல நெலம் இருந்தா அங்க பெய்யும். உங்க நெலத்தை இவ பேருக்கு எழுதி வைங்க, உங்க வயல்லயும் பெய்யும்."

கிளார்க் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே முதல்முறை கேட்ட மாதிரி இருந்தது. கடப்பாரை மெல்ல இறங்கியது. சம்மதித்து அல்ல, குழப்பத்தில். புருஷன் பேரிலிருந்து பெண்டாட்டி பேருக்கு மாற்றினால் ஆகாதா என்று ஒருவன் கேட்டான், அவள் விரலும் மனுவில் இருந்தது. குழந்தை பேருக்கு என்றான் இன்னொருவன், குழந்தையின் கால்விரலும் இருந்தது. ஊர் முழுக்கத் தேடிப் பார்த்தாலும் ஒப்பாதவள் அவள் ஒருத்திதான்.

"ரெண்டு நாள் பாக்குறோம்," என்றான் உடையப்பன். "பொய்யா இருந்தா, முதல்ல உன் விரல், அப்புறம் அவ விரல்."

மறுநாள் தருமனும் நானும் முதல் பஸ்ஸில் பத்திர ஆபீசுக்குப் போனோம். தருமனுக்கு இழக்க முப்பது சென்ட்தான் இருந்தது, எனக்கு ஓர் ஏக்கர். சோணையம்மா இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்து வந்தாள். தானப் பத்திரம் எழுதி, விரல் வைத்து, சீல் போடுகிறவரைக்கும் என் பத்து விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாமே என்னுடையவைதான், நல்ல விரல்கள்தான், கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டன. சீல் விழுந்தது. தருமனின் செல்போன் அடித்தது. அவன் பெண்டாட்டி.

"ஏங்க, மழை எந்திரிச்சு வரப்பைத் தாண்டி நடந்து வருதுங்க. நம்ம வயலுக்குத்தாங்க வருது."

நான் அந்த பெஞ்சிலேயே மயங்கி விழுந்தேன் என்று தருமன் சொல்வான். அதை நீங்கள் கழித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு பத்திர ஆபீசில் எங்கள் ஊர்க்காரர்கள் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. நாளுக்கு ஏழு பேர், எட்டு பேர். அழுதுகொண்டே போய் எழுதிவைத்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது நனைந்துகொண்டே வந்தார்கள். மழை ஒவ்வொரு வயலாக, சர்வே நம்பர் தப்பாமல், சதுரம் சதுரமாகக் கூடியது. தவளைகள் போன வழியிலேயே திரும்பின. தைக் கடைசியில் உடையப்பனின் எண்பது ஏக்கர் மட்டும் ஊரின் நடுவே வெள்ளை வெளேரென்று வெடித்துக் கிடந்தது, அவன் அதன் நடுவே நாற்காலி போட்டுக் குடையில்லாமல் உட்கார்ந்திருந்தான். நாலு பக்கமும் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தான். பத்தாம் நாள் மகளுக்கு வலி எடுத்தது, அவன் வீட்டுக் கிணற்றில் வாளி தரையில் இடித்தது. எழுந்து போய் எழுதிவைத்தான். பேத்தி பிறக்கும்போது ஓட்டுமேல் மழை பெய்தது.

மழை நின்றதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சோணையம்மா அய்யனார் முன்னால் சொல்லியிருந்தாள். ஆனால் எப்படிக் கொடுப்பது? கையெழுத்துப் போட்டவன் பேருக்கு நிலம் திரும்பின நிமிஷம் அது காயும். தருமன் ஒரு சென்ட்டைத் திருப்பி வாங்கிச் சோதித்துப் பார்த்தான். அந்த ஒரு சென்ட் இன்றைக்கும் பொரித்த அப்பளம் மாதிரிக் கிடக்கிறது, அதன்மேல் நாய்கூடப் படுக்காது. ஆகவே நானூற்றுச் சொச்சம் ஏக்கரும் அவள் பேரில் இருக்க, அவரவர் நிலத்தை அவரவர் உழுதார்கள், அவள் யாரிடமும் ஒரு படி நெல் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் ஊரை இன்னும் பயமுறுத்தியது. ராத்திரி படுத்தால் ஒவ்வொருவனும், அவள் நாளைக்குக் கேட்டால் என்ன செய்வோம் என்று மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தான்.

அடுத்த ஐப்பசியில் வி.ஏ.ஓ. ஒரு புதுப் பாரத்தோடு வந்தார். கனமழை நிவாரணம். மூழ்கிய பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு, வறட்சிக்குக் கொடுத்ததைப்போல இரண்டு பங்கு. இந்தத் தடவை ஊரே கையெழுத்துப் போடவேண்டியதில்லை, நில உரிமையாளர் ஒருவர் வைத்தால் போதும்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும் வந்திருக்கும், அன்றைக்கு அவள் வீட்டுத் திண்ணையில் கூடியிருந்த முகங்களைப் பார்த்திருக்காவிட்டால். போன வருஷம் தொண்டை காய்ந்து செத்துப் பிழைத்த அதே ஆட்கள், நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு நின்றார்கள். வெளியே நல்ல மழை. வயலில் கணுக்கால் தண்ணீர்தான். பயிர் சிரித்துக்கொண்டு நின்றது.

"லேசா மூழ்குனதா எழுதுண்ணே," என்றான் ஒருவன். "முழுசா வேணாம். கழுத்து வரைக்கும்."

நான் எழுதினேன். என்னைத் திட்டாதீர்கள், பேனாவைத் திறந்தால் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்று முதலிலேயே சொன்னேன். வீடுகளில் நீர் புகுந்தது, கண்மாய் உடைந்தது, தொட்டில்கள் மிதந்தன என்றே எழுதிவிட்டேன். சோணையம்மா மையில் கட்டைவிரலைத் தொட்டாள். விரலைத் தாளுக்கு மேலே கொண்டுவந்தாள்.

மழைச் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தோம். மழை ஓயவில்லை. ஒவ்வொரு துளியும் இருந்த இடத்திலேயே, ஓட்டுக்கு ஒரு முழம் மேலே, மாட்டின் முதுகுக்கு ஒரு சாண் மேலே, மேலே மேகம் வரைக்கும், கோடிக்கணக்கில், அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கோ காது கொடுத்துக்கொண்டு நின்றது. ஒரு துளி உடையப்பனின் கண்ணுக்கு நேரே நின்றது. அதற்குள் அவன் மகள், கையில் பேத்தியோடு, தலைகீழாகத் தெரிந்தாள்.

சோணையம்மா விரலை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. போன வருஷம் தன் மணிக்கட்டைப் பிடித்தவனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. வைக்கவா?"

உடையப்பன் அந்தத் துளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்களைப் பார்த்தாள், ஒவ்வொருவராகப் பார்த்தாள், யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் துணிவு வரவில்லை. வேண்டாம் என்ற சொல்லை அந்தத் துளிகள் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் என்னைப் பார்த்தாள். தொட்டில்கள் மிதந்தன என்ற வரி என் கையில் ஈரமாக இருந்தது. நான் பாரத்தை நாலாக மடித்து, வாயில் போட்டு, மென்று விழுங்கினேன். மை கசந்தது. வி.ஏ.ஓ., அது நம்பர் போட்ட பாரம்யா என்று அலறினார்.

சோணையம்மா மைவிரலை என் வேட்டியில் அழுத்தித் துடைத்தாள். அப்போதுதான் அத்தனை துளியும் ஒரே சமயத்தில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் ஓட்டம் பிடித்த வி.ஏ.ஓ.வின் செருப்பு ஒன்று இன்றைக்கும் எங்கள் ஊரில்தான் கிடக்கிறது.

அந்த வறட்சி மனுவுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது இருபத்திமூன்று பேர். உடையப்பனின் பேத்திக்கு ஏழு வயது. அவர்கள் வயசுக்கு வந்ததும் நிலம் அவர்கள் பேருக்குப் போகும் என்று சோணையம்மா உயில் எழுதிவைத்திருக்கிறாள். அதனால் அந்தப் பிள்ளைகளை நாங்கள் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறோம், பள்ளிக்கூடத்தில்கூட எந்தத் தாளிலும் விரலை வைக்க விடுவதில்லை, அவர்கள் கையில் மை பட்டால் தாய்மார்கள் அலறிக்கொண்டு ஓடிவருகிறார்கள். வருஷா வருஷம் ஏதாவது ஒரு பாரம் வருகிறது. உள்ளே வர விடாமல் எல்லைக்கல்லிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். என் வேட்டியில் அந்தக் கட்டைவிரல் ரேகை இன்னும் போகவில்லை. மேகம் கறுக்கும்போது அதுவும் கறுக்கும்.

நானும் அன்றோடு எழுதுவதை விட்டிருந்தேன், ஆசையை அடக்க முடியாமல் இன்றைக்குத்தான் பேனாவைத் திறந்தேன். உட்கார்ந்தபோது வெளியே நல்ல மழை. இப்போது சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரமாகவே கேட்கவில்லை போலிருக்கிறது, கதை சுவாரசியத்தில் நான் கவனிக்கவில்லை. எழுந்து ஜன்னலைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. எங்கே புளுகினேன், எங்கே நிஜம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. இதுவரைக்கும் எழுதியதில் பாதியை நீங்கள் கழித்துக்கொள்ளுங்கள், மழையும் கழித்துக்கொள்ளட்டும். ஆனால் இந்தக் கடைசி வரியில் கழிக்க ஒன்றுமில்லை, இதை எழுத்துக்கூட்டி, அதற்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்:

செம்பொட்டலில் மழை பெய்கிறது.